எந்த ஜிபி நல்ல ஜிபி? பிரிட்டன் இன்னும் முடிக்காத ஒரு கணக்கு

இங்கிலாந்தில் வீடு மாறிப்போகிற குடும்பம் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, புதிய வட்டாரத்தில் ஒரு ஜிபியிடம் பெயரைப் பதிவது. ஜிபி என்றால் குடும்ப மருத்துவர்; அவர் உட்காருமிடம் அங்கே ‘சர்ஜரி’. காய்ச்சல், முதுகுவலி, சர்க்கரை, மனச்சோர்வு எதுவானாலும் முதலில் தட்ட வேண்டிய கதவு அது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கவும் பெரும்பாலும் அவருடைய கடிதம் வேண்டும். பீஸ் கிடையாது. ஆனால் சரியான இடத்தில்தான் சேர்ந்தோமா என்பது பல வருடம் கழித்துத் தெரியவரும். சிலருக்குத் தெரியாமலே போகும்.

தகவலுக்குப் பஞ்சமில்லை. ஒரே நிலையத்துக்கு அரசு ஆய்வாளர்கள் ‘நன்று’ என்று சான்று கொடுத்திருக்கலாம். அதே நிலையத்தில் போனை எடுக்கவே ஆளில்லை என்று நோயாளிகளில் பாதிப்பேர் சர்வேயில் குறைபட்டிருக்கலாம். சர்க்கரை நோய்ப் பராமரிப்பில் அது ஏறக்குறைய முழுப் புள்ளியும் வாங்கியிருக்கலாம். இணையத்தில் ஒரு நட்சத்திரமும் ஐந்து நட்சத்திரமும் மாறி மாறி விழுந்திருக்கலாம். இவை எல்லாமே ஒரே நேரத்தில் உண்மையாகவும் இருக்கலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதாரச் சேவையான என்எச்எஸ் பிறந்தது. அன்றிலிருந்து இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு ஒரு விடை சொல்லிவந்திருக்கிறது. பெரும்பாலான விடைகள் ஏதாவது ஒரு அவமானத்துக்கோ ஊழலுக்கோ பிறகு, அவசரத்தில் உருவானவை. அந்த அவசரத்தின் தடம் அளவுகோல்களில் இன்றும் இருக்கிறது.

நாற்காலியும் அலமாரியும்

முதல் அவமானத்தைக் கொண்டுவந்தவர் ஜோசப் காலிங்ஸ் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர். இங்கிலாந்தின் ஜிபி நிலையங்களை நேரில் சுற்றிப் பார்த்து, 1950இல் ‘லான்செட்’ இதழில் நீண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டார். தொழிற்பேட்டைப் பகுதிகளில் அவர் கண்டது நெருக்கியடித்த காத்திருப்பு அறைகள், ஒழுங்கில்லாத கோப்புகள், உடலைத் தொட்டுப் பார்க்கக்கூட நேரமில்லாமல் வரிசையைத் தள்ளிவிடும் மருத்துவர்கள். சில இடங்களைப் பொதுநலன் கருதியே கண்டிக்க வேண்டும் என்ற அளவுக்கு எழுதினார். மருத்துவர்கள் கொதித்தார்கள். ஆனாலும் 1952இல் ஜிபிக்களுக்கெனத் தனிக் கல்லூரி அமைப்பு உருவானதற்கு அந்த அறிக்கையும் ஒரு காரணம் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

காலிங்ஸ் பார்த்தது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற பொருள்களை. கட்டடம், படுக்கை, கருவி, ஊழியர் இருந்தால் சிகிச்சையும் நன்றாக இருக்கும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. 1966இல் அமலுக்கு வந்த ஜிபி சாசனம் கட்டடத்துக்கும் உதவி ஊழியர்களுக்கும் பணம் ஒதுக்கியது அந்த நம்பிக்கையில்தான். அதே ஆண்டு அமெரிக்காவில் அவெடிஸ் டொனபெடியன், மருத்துவத் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார். பெய்ரூட்டில் பிறந்த இந்த ஆர்மீனிய மருத்துவரின் பிரிவினையைத் தாண்டி இன்றுவரை யாரும் அதிக தூரம் போகவில்லை. அவர் சொன்னதன் சாரம் எளிது. நல்ல கட்டடத்துக்குள் மோசமான மருத்துவம் நடக்கலாம். நல்ல மருத்துவம் நடந்தும் நோயாளி இறக்கலாம். சுமாரான மருத்துவத்திலும் நோயாளி பிழைத்துக்கொள்ளலாம். மூன்றில் எதை அளந்தாலும் மற்ற இரண்டும் கைநழுவும்.

எண்பதுகளில் ஜிபிக்களின் கல்லூரி இன்னொரு வழியை முன்வைத்தது. சக மருத்துவர்கள் நேரில் வந்து, கோப்பைப் புரட்டி, நோயாளியிடம் பேசும் விதத்தைக் கவனித்து மதிப்பிடுவது. சகாக்களின் கண்ணுக்குத் தப்புவது குறைவு. ஆனால் நாட்டிலுள்ள எல்லா நிலையங்களுக்கும் இப்படி ஆள் அனுப்புவது நடக்கிற காரியமில்லை. தொழிலுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுக்கொள்வதை வெளியுலகம் நம்புமா என்பதும் சந்தேகமாகவே இருந்தது.

புள்ளிக்கு ஒரு விலை

2004 ஏப்ரலில் பிரிட்டன் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. ஜிபிக்களின் புதிய ஒப்பந்தத்தில் 146 குறியீடுகளும் 1,050 புள்ளிகளும் கொண்ட ஒரு தரச் சட்டகத்தைச் சேர்த்தது. சுருக்கமாக கியூஓஎஃப். இரத்தஅழுத்த நோயாளிகளில் எத்தனை பேருக்கு அழுத்தம் 150/90க்குள் இருக்கிறது, சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேருக்குக் கண் பரிசோதனை முடிந்தது என்று கணினியே கணக்கெடுக்கும். புள்ளிக்கு இவ்வளவு பவுண்டு என்று பணம் வரும். தரத்தோடு மருத்துவர்களின் வருமானத்தை இவ்வளவு பெரிய அளவில் கட்டிவைத்த நாடு அதுவரை இல்லை என்றே சொல்லலாம். வருடச் செலவு ஏறத்தாழ 100 கோடி பவுண்டு.

அரசு எதிர்பார்த்தது நிலையங்கள் முக்கால்வாசிப் புள்ளிகளை எடுக்கும் என்று. முதல் வருடமே சராசரி 90 சதவீதத்தைத் தாண்டியது. ஜிபிக்கள் எதிர்பார்த்ததைவிடத் திறமையானவர்களா, பரீட்சை எதிர்பார்த்ததைவிட எளிதா என்ற விவாதம் அன்று தொடங்கி இன்னும் ஓயவில்லை.

ஆதரவாளர்களிடம் வலுவான வாதம் உண்டு. கியூஓஎஃப் வந்த பிறகு எந்த நோயாளிக்கு என்ன பாக்கி என்ற பட்டியல் ஒவ்வொரு நிலையத்திலும் உருவானது. நாள்பட்ட நோய்களைக் கவனிக்கத் தனியாக நர்சுகள் வந்தார்கள். ஏழைப் பகுதி நிலையங்களுக்கும் பணக்காரப் பகுதி நிலையங்களுக்கும் இடையே பதிவான இடைவெளி சில வருடங்களிலேயே சுருங்கியது. சிறிய சாதனை அல்ல இது.

எதிர்த்தரப்பின் வாதத்துக்கு ஒரு நுணுக்கமான சான்று போதும். சட்டகம் வந்த காலத்து இரத்தஅழுத்தப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் ஒரு வினோதத்தைக் கண்டார்கள். 150 என்ற கோட்டுக்குச் சற்றுக் கீழே 148, 149 என்ற எண்கள் கூட்டமாக நின்றன. கோட்டுக்குச் சற்று மேலே ஆளைக் காணோம். இதை நேராக மோசடி என்று சொல்லிவிட முடியாது. 152 வந்தால், ‘கொஞ்சம் உட்காருங்கள், இன்னொரு தடவை பார்க்கலாம்’ என்பார்கள். இரண்டாவது அளவு பெரும்பாலும் குறைவாகவே வரும். 148 வந்தால் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தனி முடிவும் நியாயமானது. மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் எண் மட்டும் கோணிக்கொள்கிறது.

தரம் உண்மையில் உயர்ந்ததா? ஸ்டீபன் கேம்பெல்லும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி ஆஸ்துமா, சர்க்கரை நோய்ப் பராமரிப்பு 2004க்கு முன்பே மேலேறிக்கொண்டிருந்தது. சட்டகம் வந்ததும் கொஞ்சம் வேகமெடுத்து, பிறகு மந்தமானது. அதே காலத்தில், ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு குறைந்தது. 2016இல் ‘லான்செட்’ வெளியிட்ட பன்னாட்டு ஒப்பீட்டில், கியூஓஎஃப் குறிவைத்த நோய்களால் நேர்ந்த மரணங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. அந்தச் சட்டகத்தை வடிவமைப்பதில் பங்கெடுத்த பேராசிரியர் மார்ட்டின் ரோலண்டும் அதன் வரம்புகளை ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர். தன் கைவேலையைத் தானே உரைத்துப் பார்க்கும் கொள்கை வகுப்பாளர்கள் அரிது.

எல்லை மீறிய தருணங்களும் உண்டு. 2014இல் டிமென்ஷியா என்று புதிதாகக் கண்டறியப்படும் ஒவ்வொருவருக்கும் நிலையத்துக்கு 55 பவுண்டு என்று அறிவித்தார்கள். தலைக்கு விலை வைப்பதா என்று நோயாளி அமைப்புகளும் மருத்துவர்களும் கேட்டார்கள். திட்டம் சில மாதங்களோடு முடிந்தது.

சரி, பணத்தை நிறுத்தினால் என்ன ஆகும்? 2016இல் ஸ்காட்லாந்து கியூஓஎஃப்பையே கைவிட்டது. இங்கிலாந்தும் அதற்கு முன்பே பல குறியீடுகளை நீக்கியிருந்தது. இரண்டு இடத்திலும் பதிவான தரம் இறங்கியது. பதிவான தரம் என்ற சொல்லாட்சியைக் கவனிக்க வேண்டும். கையால் குறிக்க வேண்டியவை வேகமாகச் சரிந்தன. ஆய்வுக்கூடத்திலிருந்து தானாகக் கணினியில் ஏறும் முடிவுகள் அவ்வளவாகச் சரியவில்லை. மருத்துவர்கள் செய்வதை நிறுத்தினார்களா, எழுதுவதை நிறுத்தினார்களா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கேட்டால் சொல்வார்கள்

எண்களில் சலித்தவர்கள் நோயாளியிடமே கேட்கச் சொன்னார்கள். 2007இலிருந்து இங்கிலாந்தில் ஜிபி நோயாளி சர்வே நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் லட்சக்கணக்கில் படிவங்கள் போகின்றன. அண்மை ஆண்டுகளில் சுமார் 7 லட்சம் பேர் பதில் தருகிறார்கள். போன் கிடைத்ததா, மருத்துவர் காதுகொடுத்துக் கேட்டாரா, விரும்பிய மருத்துவரைப் பார்க்க முடிந்ததா என்று கேள்விகள் போகும். அனுபவம் நன்று என்றவர்கள் 2021இல் 83 சதவீதம். மறு ஆண்டே 72. ஒரே வருடத்தில் மருத்துவர்களின் திறமை இவ்வளவு சரிந்திருக்காது. கொரோனாக் காலத்து நன்றியுணர்வு வடிந்து, காலை 8 மணிக்குப் போனில் தொங்கும் எரிச்சல் அந்த இடத்தைப் பிடித்திருக்கும் என்று ஊகிப்பதே பொருத்தம்.

நோயாளி சொல்வது முக்கியமில்லை என்று யாரும் வாதிடுவதில்லை. அவர் எதைச் சொல்கிறார் என்பதில்தான் விவாதம். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஆன்டிபயாட்டிக்கைக் குறைவாக எழுதித் தரும் நிலையங்களுக்குத் திருப்தி மதிப்பெண்ணும் குறைவாகவே விழுவதைக் காட்டியது. வைரஸ் சளிக்கு மாத்திரை வேண்டாம் என்று பொறுமையாக விளக்கி அனுப்பும் மருத்துவர் சரியாகத்தான் செய்கிறார்; சர்வேயில் அவருக்கு அடி விழுகிறது.

தெற்காசியர்களின் பதில்கள் இன்னும் சுவாரசியமானவை. ஜிபி சர்வேயில் அவர்கள் தொடர்ந்து வெள்ளையர்களைவிடக் குறைந்த மதிப்பெண்ணே தருகிறார்கள். ‘அவர்கள் எதிர்பார்ப்பு அதிகம், கேள்வித்தாளை வேறு மாதிரிப் புரிந்துகொள்கிறார்கள்’ என்று நீண்ட காலம் ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். நடிகர்களை வைத்து எடுத்த ஆலோசனைக் காட்சிகளை வெள்ளையருக்கும் பாகிஸ்தான் வம்சாவளியினருக்கும் போட்டுக்காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். ஒரே காட்சிக்குப் பாகிஸ்தான் வம்சாவளியினர் கொடுத்தது கூடுதல் மதிப்பெண். அப்படியென்றால் நிஜ வாழ்க்கையில் அவர்கள் தரும் குறைந்த மதிப்பெண், நிலைமையை மிகைப்படுத்துவதற்குப் பதில் குறைத்தே காட்டுகிறது. இந்த வித்தியாசத்தின் ஒரு பகுதிக்கு, அவர்கள் அதிகமாக வாழும் பகுதிகளில் எல்லோருக்குமே மதிப்பெண் குறைவான நிலையங்கள் இருப்பதும் காரணம் என்று வேறோர் ஆய்வு சொல்கிறது. ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் வாழும் தமிழர்களிடம் இதே சோதனை நடந்தால் என்ன வரும் என்பது கேட்க வேண்டிய கேள்வி. சமாதானத்தை அப்படியே நம்பிவிடக்கூடாது என்பது மட்டும் தெளிவு.

போன் கிடைப்பது ஒரு தரமா? டோனி பிளேர் அரசு 48 மணி நேரத்துக்குள் ஜிபியைப் பார்க்க முடிய வேண்டும் என்று இலக்கு வைத்தது. பல நிலையங்கள் அதை ஒரே வழியில் எட்டின: இரண்டு நாளுக்கு மேல் முன்பதிவே கிடையாது என்றன. 2005 தேர்தல் நேரத்து டிவி நிகழ்ச்சியில் ஒரு தாய் இதை எழுந்து சொன்னபோது பிரதமர் திகைத்ததை நாடே பார்த்தது. அடுத்த வாரம் வரச் சொல்லி மருத்துவர் சொல்கிறார், அடுத்த வாரத்துக்கு எழுத மாட்டேன் என்று கவுண்டர் சொல்கிறது. இலக்கு என்னவோ எட்டப்பட்டிருந்தது.

ஷிப்மன் விட்டுப்போன கேள்வி

நோயாளிகளின் பாராட்டை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு மிகக் கொடூரமான சான்று ஹரால்டு ஷிப்மன். மான்செஸ்டர் அருகே ஹைட் நகரில் தனியாகத் தொழில் நடத்திய ஜிபி. வீட்டுக்கே வந்து பார்க்கும் பழைய பாணி டாக்டர் என்று முதியவர்களிடம் நல்ல பெயர். 15 நோயாளிகளைக் கொன்றதற்காக 2000 ஜனவரியில் தண்டிக்கப்பட்டார். நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை 2002இல் 215 கொலைகளை உறுதிசெய்தது. முதல் சந்தேகம் எந்தக் குறியீட்டிலிருந்தும் வரவில்லை. சவ அடக்க நிலையம் நடத்தியவர்களுக்கும், தகனப் படிவத்தில் இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்து நிலைய மருத்துவர்களுக்கும்தான் முதலில் பொறி தட்டியது. 1998 மார்ச்சில் அவர்கள் சொல்லியும் போலீஸ் முதல் விசாரணையில் கோட்டைவிட்டது.

அதன் பிறகு, மரண எண்ணிக்கையைக் கண்காணித்திருந்தால் பிடித்திருக்கலாமே என்ற யோசனை பிறந்தது. புள்ளியியலாளர்கள் முயன்றும் பார்த்தார்கள். ஷிப்மன் வரைபடத்தில் தெரிந்தார். ஆனால் அவரைப் போலவே உயர்ந்த மரண விகிதம் கொண்ட வேறு ஜிபிக்களும் கூடவே தெரிந்தார்கள். விசாரித்தால் பெரும்பாலும் காரணம் எளிது: அவர்கள் பொறுப்பில் முதியோர் இல்லங்கள் இருந்தன.

கணக்கின் சிக்கல் இன்னும் அடிப்படையானது. இன்று இங்கிலாந்தின் சராசரி நிலையத்தில் பதிவானவர்கள் சுமார் 10,000 பேர். வருடத்துக்கு நூறில் ஒருவர் இறந்தால் 100 மரணம். மருத்துவம் துளியும் மாறாமலே, ஒரு வருடம் 85 என்றும் மறுவருடம் 115 என்றும் தற்செயலே காட்டிவிடும். புற்றுநோயில் எண் இன்னும் சிறிது. ஒரு ஜிபி வருடத்துக்குப் புதிதாகக் காண்பது ஏழெட்டுப் புற்றுநோயாளிகளைத்தான். அதில் ஒருவருக்குத் தாமதமானால் சதவீதம் தாறுமாறாக ஏறும், இறங்கும். நோயாளிக்கு மிக முக்கியமானது விளைவு. ஒற்றை நிலையத்தின் அளவில் மிகக் குறைவாக நம்பத்தக்கதும் அதுவே. இந்த முரணுக்குப் புள்ளியியலில் இதுவரை திருப்தியான வழி கிடைக்கவில்லை.

சுவரில் ஒரு சான்று

2013இலிருந்து ஜிபி நிலையங்களும் பராமரிப்புத் தர ஆணையமான சிக்யூசியின் கீழ் வந்தன. அடுத்த ஆண்டு மதிப்பீட்டு முறை தொடங்கியது. பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, அக்கறை காட்டுகிறதா, தேவைக்கு ஈடுகொடுக்கிறதா, நிர்வாகம் ஒழுங்கா என்று ஐந்து கேள்விகள். ‘மிகச் சிறப்பு’ முதல் ‘போதாது’ வரை நான்கு தரங்கள். முடிவை வாசலில் ஒட்ட வேண்டும் என்பது சட்டம்.

ஆய்வாளர்கள் கண்டுபிடித்தவை அற்பமானவை அல்ல. காலாவதியான தடுப்பூசிகள், வெப்பநிலை பார்க்கப்படாத ஃபிரிட்ஜ்கள், அவசர மருந்து இல்லாத அலமாரிகள். 2013இன் தொடக்கச் சுற்றில் ஒரு நிலையத்தில் புழுவே நெளிந்ததாக ஆணையம் அறிவித்தது. காலிங்ஸுக்கு அறுபது வருடம் கழித்தும் நாற்காலியும் அலமாரியும் பார்க்கப்பட வேண்டியவையாகவே இருந்தன.

ஆனால் 2017இல் முதல் சுற்று முடிந்தபோது 86 சதவீத நிலையங்கள் ‘நன்று’, 4 சதவீதம் ‘மிகச் சிறப்பு’. ஆபத்தான கடைசிச் சில சதவீதத்தைச் சலித்தெடுக்க இந்தச் சல்லடை உதவும். மீதிப் பத்தில் ஒன்பதுக்கு இடையே தேர்ந்தெடுக்க நினைக்கும் குடும்பத்துக்கு அது சொல்வது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதோடு சான்றுக்கும் வயதாகிறது. 2024இல் பென்னி டேஷ் தலைமையிலான மறுஆய்வு ஆணையத்தையே கடுமையாக விமர்சித்தது: 2019இல் ஏறத்தாழ 16,000 ஆய்வுகள் நடத்திய அமைப்பு 2023இல் 7,000கூட நடத்தவில்லை, பல மதிப்பீடுகள் பல வருடப் பழசு. இந்த எண்கள் ஆஸ்பத்திரிகள், முதியோர் இல்லங்கள் எல்லாம் சேர்ந்தவை. ஆணையம் வேலைக்கு லாயக்கில்லாத நிலையில் இருப்பதாகச் சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங்கே சொன்னார். வாசலில் ‘நன்று’ என்று வாசிப்பவர் கீழே இருக்கும் தேதியையும் வாசிப்பது நல்லது.

தெரிந்த முகம்

இன்னொரு தரப்பு வேறு இடத்திலிருந்து பேசுகிறது. 1957இல் மைக்கேல் பாலின்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர், மருத்துவர் எழுதித்தரும் மருந்துகளில் மிக வலிமையானது அவரேதான் என்ற கருத்தை முன்வைத்தார். அது அழகான கருத்து. ஆனால் நெடுங்காலம் வெறும் கருத்தாகவே இருந்தது. எண்கள் பிறகு வந்தன. எக்ஸிடரைச் சேர்ந்த டெனிஸ் பெரேரா கிரேயும் சகாக்களும் 2018இல் 22 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். அவற்றில் 18, ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடையே மரணம் குறைவு என்று காட்டின. நார்வேயில் ஏறத்தாழ 45 லட்சம் பேரின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வந்தது. ஒரே ஜிபியிடம் 15 வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இறக்கும் வாய்ப்பு, ஒரு வருடமே ஆனவர்களோடு ஒப்பிட்டால், 25 சதவீதம் குறைவு.

புது மருந்தொன்று இப்படி ஒரு எண்ணைக் காட்டியிருந்தால் உலகமே பேசியிருக்கும். ஆனாலும் நிதானம் வேண்டும். இவை சோதனைகள் அல்ல, அவதானிப்புகள். ஒரே ஊரில் ஒரே டாக்டரோடு 15 வருடம் இருப்பவர் நிலையான வேலையும் வீடும் உள்ளவராக இருக்கலாம். வீடு மாறிக்கொண்டே இருப்பவரின் உடல்நலம் அந்த அலைச்சலாலேயே கெட்டிருக்கலாம். ஆய்வாளர்கள் முடிந்தவரை சரிக்கட்டுகிறார்கள். முழுக்கச் சரிக்கட்ட முடியாது. தெரிந்த முகம் அலட்சியத்தையும் வளர்க்கக்கூடும். ‘இவருக்கு எப்போதும் இதே வயிற்றுவலிதான்’ என்ற நினைப்பு புதிய நோயை மறைத்துவிடும். ஷிப்மனும் தன் நோயாளிகளுக்குத் தெரிந்த முகம்தான்.

மறுபக்கம், முகமே தெரியாததன் விலை ‘ஜெஸ் விதி’ என்ற பெயரில் 2025இல் பொதுவெளிக்கு வந்தது. 27 வயதில் புற்றுநோயால் இறந்த ஓர் இளம்பெண்ணின் நினைவாக வைத்த பெயர். 2020இல் ஆறு மாதத்துக்குள் அவர் தன் நிலையத்தை 20 தடவைக்கு மேல் அணுகியிருந்தார். பேசியது பல மருத்துவர்களிடம். ஒரே அறிகுறிக்கு மூன்றாவது தடவை வந்தும் விடை இல்லையென்றால் நிறுத்தி யோசி, வேறு பரிசோதனைக்கு அனுப்பு என்பதே விதி. 20 தடவை என்பது அணுகல் கணக்கில் வெற்றி. ஒவ்வொரு சந்திப்பும் தனித்தனியாக நியாயமாகவே பட்டிருக்கலாம். இருபதையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் இருந்தாரா என்பதை எந்த அளவுகோலும் கேட்கவில்லை.

எந்தத் தெருவில் இருக்கிறது?

வேல்ஸின் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜிபியாக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’யை எழுதினார். தேவை அதிகமுள்ள இடத்தில் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது. சந்தை எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவு இது மோசமாகும் என்பதே விதி. எழுதியதோடு நிற்கவில்லை. தன் கிராமத்தில் வயதுவந்த அத்தனை பேருக்கும் இரத்தஅழுத்தம் அளந்தார். வராதவர்களை விட்டுவிடாமல் தேடிப்பிடித்து அளந்தார். 25 வருடக் கணக்கை 1991இல் வெளியிட்டபோது, பக்கத்துக் கிராமத்தைவிடத் தன் ஊரில் 65 வயதுக்குள் இறப்பவர்கள் குறைவு என்று காட்டினார். இரண்டு கிராமங்களை வைத்து எதையும் அறுதியிட முடியாதுதான். ஆனால் ஒரு நிலையம் தன்னிடம் வந்தவர்களுக்கு மட்டுமல்ல, வராதவர்களுக்கும் பொறுப்பு என்ற எண்ணத்துக்கு அது இன்றும் ஆதாரம்.

அளவுகோல்கள் தெருவைக் கணக்கில் எடுப்பதில் பலவீனமாகவே இருக்கின்றன. தேவையைச் சரிக்கட்டிப் பார்த்தால் ஏழைப் பகுதி நிலையங்களுக்கு நோயாளிக்கு சுமார் 7 சதவீதம் குறைவான நிதியே போகிறது என்று ஹெல்த் பவுண்டேஷன் கணக்கிட்டது. அங்கே வேலை பார்ப்பவர்கள் யார் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1960கள் முதல், உள்ளூர் மருத்துவர்கள் தவிர்த்த சுரங்க ஊர்களையும் நகரத்தின் ஏழைப் பேட்டைகளையும் தாங்கியவர்களில் பெரும்பங்கு இந்திய, பாகிஸ்தானிய, இலங்கை மருத்துவர்கள். சென்னையிலும் கொழும்பிலும் படித்துப் போனவர்கள் அவர்களில் உண்டு. சிறுபான்மை இன மருத்துவர்கள் நடத்தும் நிலையங்கள் வறிய பகுதிகளில் அதிகம், தனியாளாக நடத்துபவையும் அதிகம், அது ஆய்வு முடிவைப் பாதிக்கக்கூடும் என்று 2022இல் சிக்யூசியே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. குறைந்த மதிப்பெண் மருத்துவருடையதா, தெருவுடையதா என்று பிரிக்கத் தேவையான தரவு ஆணையத்திடம் அப்போது இல்லை.

விடை வராத இடங்கள்

இவ்வளவு வருட முயற்சியில் சில விஷயங்கள் ஓரளவு தெளிவாகியிருக்கின்றன. படுமோசமானதைக் கண்டுபிடிக்க ஆய்வு உதவுகிறது. நாள்பட்ட நோயில் விட்டுப்போகும் பரிசோதனைகளைக் குறைக்கப் புள்ளிமுறை உதவியது. மரியாதையும் போனும் எப்படி என்று அறிய சர்வேயைவிட நல்ல வழி கிடைக்கவில்லை. இவற்றைக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கும் முயற்சிதான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறது. 2014இல் சிக்யூசி நிலையங்களை ஆபத்துப் பட்டையாகப் பிரித்து வெளியிட்டு, கணக்கில் பிழை என்று மன்னிப்புக் கேட்டு, சில மாதங்களில் அந்தப் பட்டைகளையே கைவிட்டது.

ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்க்கவைக்கும் நிலையங்களுக்குப் பணம் கொடுக்கலாமா என்பது இப்போது சூடான விவாதம். கொடுத்தால் 148, 149 போல அதற்கும் ஒரு குறுக்குவழி முளைக்குமா என்பதற்கு அனுபவம் நம்பிக்கையான பதில் தரவில்லை. அளக்கப்படும் பொருளே மாறிக்கொண்டிருப்பது இன்னொரு தொல்லை. 2019க்குப் பிறகு மருந்தாளர், பிசியோதெரபிஸ்ட், மருத்துவ உதவியாளர் என்று பலர் நிலையங்களுக்குள் வந்தார்கள். மருத்துவ உதவியாளர்கள், நோய் இன்னதென்று தெரியாத நோயாளியைப் பார்க்கக்கூடாது என்று 2025இல் ஜில்லியன் லெங் அறிக்கை பரிந்துரைத்தது. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து ஆன்லைன் விண்ணப்பத்தை வேலை நேரம் முழுக்கத் திறந்துவைக்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி. யாரை இன்றே பார்ப்பது, யாரை மருந்துக்கடைக்கு அனுப்புவது என்ற முதல் முடிவு இப்போது படிவத்தை வாசிப்பவர் கையில் இருக்கிறது. அந்த முடிவு எத்தனை தடவை சரி, எத்தனை தடவை தவறு என்று நிலையம் வாரியாகச் சொல்லும் அளவுகோல் இன்னும் உருவாகவில்லை.

சர்வே, புள்ளி, ஆய்வு மூன்றுமே பதிவேட்டில் பெயருள்ளவர்களிடமிருந்து தொடங்குகின்றன. பதிவுக்கு முகவரிச் சான்றோ விசா விவரமோ கட்டாயமில்லை என்று என்எச்எஸ் வழிகாட்டுதல் சொல்கிறது. 2021இல் புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் நிலையங்களை அழைத்துக் கேட்டுப் பார்த்தபோது, எந்த ஆவணமும் இல்லாதவரைச் சேர்த்துக்கொள்வோம் என்றவை நான்கில் ஒன்றுக்கும் குறைவு. கவுண்டரிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட அகதியும் வாடகை அறைத் தொழிலாளியும் எந்த நிலையத்தின் எந்த மதிப்பெண்ணையும் குறைப்பதில்லை.